தேதி அச்சு: சிறுகோட்டின் இடமும் அதன் பெயரும்

மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ம் தேதி திறப்பது மரபு. ஜனவரி 28-ம் தேதி மூடுவதும் மரபு. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 2024 ஜூன் 1 முதல் 2025 மே 31 வரையிலான தினசரி நீர்மட்டத்தைப் பைதானில் மேட்பிளாட்லிப் கொண்டு, எந்த அமைப்பையும் மாற்றாமல், ஒரு கோட்டுச் சார்ட்டாக வரைந்தால் கீழ் அச்சில் ஆறு லேபிள்கள் வரும்: 2024-07, 2024-09, 2024-11, 2025-01, 2025-03, 2025-05. ஜூன் இல்லை. டெல்டா உழவர் முதலில் தேடும் மாதம் அச்சிலேயே கிடையாது. ஜூன் 12 கடந்தும் அணை திறக்காமல், அந்த ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தது என்பதை இந்தச் சார்ட்டில் படிக்க முயல்பவர், இடது ஓரத்துக்கும் முதல் சிறுகோட்டுக்கும் நடுவில் விரலை வைத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கும். நிரலில் பிழை இல்லை, தரவிலும் பிழை இல்லை. ஆனாலும் சார்ட் தன் வேலையைச் செய்யவில்லை.

ஜூன் எப்படிக் காணாமல் போனது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்த அத்தியாயத்தின் வாதம் முழுவதும் அந்தக் கணக்கிலிருந்தே கிளம்புகிறது. தரவின் நீளம் 364 நாள். மேட்பிளாட்லிப் இயல்பாகவே இரண்டு ஓரங்களிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு வெற்றிடம் விடும். அதாவது இந்தப் பக்கம் 18 நாள், அந்தப் பக்கம் 18 நாள். ஆக அச்சு மே 13-ம் தேதிவாக்கில் தொடங்கி, மறு ஆண்டு ஜூன் 18-ம் தேதிவாக்கில் முடிகிறது. பதின்மூன்று மாதம். கோடுகளின் இடத்தை முடிவு செய்யும் தானியங்கி லொக்கேட்டருக்கு மாதக் கோடுகள் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு. பதின்மூன்று அதில் அடங்காததால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் என்று படியை இரண்டாக்குகிறது. அந்தப் படியை ஜனவரியிலிருந்து எண்ணுகிறது. ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர். ஜூன் ஒற்றைப்படை இடத்தில் இல்லை என்பதுதான் அது விடுபட்ட ஒரே காரணம். நீர், பாசனம், குறுவை எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. சார்ட் எவ்வளவு அகலம் என்பதுகூட வரவில்லை. கைப்பேசி அளவுப் படத்துக்கும் சுவரொட்டி அளவுப் படத்துக்கும் அதே ஆறு கோடுகள்தான்.

தேதி அச்சைக் கட்டுப்படுத்துவது என்றால் பலரும் முதலில் தேடுவது எழுத்து வடிவத்தை: 2024-07 என்பதை ‘ஜூலை 2024’ ஆக்குவது எப்படி, லேபிளைச் சாய்ப்பது எப்படி, எழுத்தைச் சிறிதாக்குவது எப்படி. மேலே உள்ள சார்ட்டில் இவை எல்லாவற்றையும் அழகாகச் செய்து முடித்தாலும் ஜூன் வராது. அச்சில் இரண்டு தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. சிறுகோடு எங்கே விழ வேண்டும் என்பது ஒன்று, விழுந்த கோட்டுக்கு என்ன பெயர் எழுத வேண்டும் என்பது இன்னொன்று. முதல் முடிவைத் தரவின் நாட்காட்டி எடுக்க வேண்டும். இரண்டாவதை வாசகரின் கண் எடுக்க வேண்டும். வரைகலை நூலகங்களைச் செய்தவர்களும் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். மேட்பிளாட்லிப்பில் இடத்துக்கு லொக்கேட்டர், பெயருக்கு ஃபார்மேட்டர். ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2-வில் இடத்துக்கு டேட்_பிரேக்ஸ், பெயருக்கு டேட்_லேபிள்ஸ். டி3-யில் டிக்ஸ், டிக்ஃபார்மேட். வெவ்வேறு மொழிகளில் வெவ்வேறு ஆட்கள் எழுதிய நூலகங்கள் ஒரே இடத்தில் கத்தி வைத்திருக்கின்றன என்றால், அந்தப் பிரிவு பொருளிலேயே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டு முடிவுகளுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு: நிரலுக்குத் தேதி தேதியாகத் தெரிந்திருக்க வேண்டும். சிஎஸ்வி கோப்பிலிருந்து வரும் நெடுவரிசை பெரும்பாலும் வெறும் எழுத்துச் சரம். அதை அப்படியே வரையக் கொடுத்தால் மேட்பிளாட்லிப் ஒவ்வொரு சரத்தையும் ஒரு வகைப் பெயராக எடுத்துக்கொண்டு 365 லேபிள்களையும் எழுதிவிடும்; அச்சின் அடியில் ஒரு கறுப்புப் பட்டைதான் தெரியும். பட்டை கண்ணை உறுத்துவதால் உடனே பிடிபடும். பிடிபடாத தீங்கு வேறு: நடுவில் பத்து நாள் பதிவு இல்லாவிட்டால் அந்தப் பத்து நாளும் அச்சிலிருந்தே மறைந்து, முன்னும் பின்னும் உள்ள நாட்கள் ஒட்டிக்கொள்ளும். பத்து நாளில் ஏறிய நீர் ஒரே நாளில் ஏறியதுபோல் கோடு செங்குத்தாக நிற்கும். எக்செல்லிலும் இதே பள்ளம் இருக்கிறது. அங்கே அச்சின் வகையை ‘டெக்ஸ்ட் ஆக்சிஸ்’ என்பதிலிருந்து ‘டேட் ஆக்சிஸ்’ என்று மாற்ற வேண்டும்.

தேதியாக மாற்றும் படியில்தான் நம் ஊர்த் தரவுக்கு மிகப் பெரிய ஆபத்து. நாம் 12/06/2024 என்று எழுதினால் ஜூன் 12. பைதானின் தரவு நூலகமான பாண்டாஸுக்கு வேறெதுவும் சொல்லாமல் கொடுத்தால் அது மாதத்தை முன்னால் படிக்கும். டிசம்பர் 6 ஆகிவிடும். ஜூன் 1 முதல் 12 வரையிலான பன்னிரண்டு நாளும் அந்தக் கணக்கில் ஜனவரி 6, பிப்ரவரி 6, மார்ச் 6 என்று மாதத்துக்கு ஒன்றாக ஆண்டு முழுக்கச் சிதறும். 2023-ல் வந்த 2.0 பதிப்புக்கு முன்பு பாண்டாஸ் ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியாக ஊகித்தது; 13/06/2024 வந்ததும் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று அதை மட்டும் ஜூன் 13 ஆக்கிக்கொண்டது. பாதி நாட்கள் சரி, பாதி நாட்கள் தவறு, நிரல் நிற்காமல் ஓடும். புதிய பதிப்பு முதல் சரத்தை வைத்து ஒரு வடிவத்தை ஊகித்து மற்றவற்றையும் அதிலேயே படிப்பதால் 13-ம் தேதியில் பிழை காட்டி நிற்கும். முந்தைய மௌனத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கோப்பில் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே இருந்தால் புதிய பதிப்பும் வாய் திறக்காது. ஆகவே ஊகத்துக்கே இடம் தராமல், நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்ற வரிசையை ஃபார்மேட் என்ற அளபுருவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு அச்சை எவ்வளவு சீர் செய்தாலும் வீண்.

இனி இடம். மாதக் கோட்டுக்கு மந்த்லொக்கேட்டர். அதற்கு இரண்டு விதமாகக் கட்டளை இடலாம். இன்டர்வலை 3 என்று கொடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு கோடு; பைமந்த் என்பதில் 6, 9, 12, 3 என்று கொடுத்தால் அந்த நான்கு மாதங்களில் மட்டும் கோடு. முடிவு ஒன்றுபோல் தெரியும், உள்ளே வேறு. இன்டர்வல் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பது அச்சின் எல்லையைப் பொறுத்தது. தரவில் சில நாட்கள் சேர்ந்து எல்லை நகர்ந்தால் கோடுகள் ஜூன், செப்டம்பரிலிருந்து ஜூலை, அக்டோபருக்குத் தாவக்கூடும். போன வாரம் அனுப்பிய சார்ட்டையும் இந்த வாரம் அனுப்பிய சார்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஏதோ மாறிவிட்டது என்று தோன்றும். மாறியது தரவு இல்லை, அளவுகோல். பைமந்த்தில் இந்தத் தாவல் இல்லை. ஜூன் என்று சொன்னால் ஜூன்தான். அதுபோலவே பைமந்த்டே. ‘மாதக் கடைசி’ என்று நினைத்து 31 கொடுத்தால் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஐந்திலும் கோடே விழாது. ஆண்டுக்கு ஏழு கோடுகள்தான் மிஞ்சும். முதல் தேதியில் கோடு போடுவதே பாதுகாப்பு.

முதல் தேதியில் கோடு போட்டு அதன் நேர் கீழே ‘ஜூன்’ என்று எழுதினால், அந்தப் பெயர் கோட்டுக்கா, அல்லது கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள முப்பது நாளுக்கா? மாதச் சராசரி வரையும்போது இந்தக் கேள்வி எழாது. தினசரித் தரவில் எழும், ஏனென்றால் பெயர் ஒரு புள்ளிக்கு உரியதல்ல, ஓர் இடைவெளிக்கு உரியது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பெரிய கோடுகளை முதல் தேதியில் வைத்து அவற்றின் லேபிளை நல்ஃபார்மேட்டரால் வெறுமையாக்குங்கள். சிறிய கோடுகளை 16-ம் தேதியில் வைத்து, அவற்றின் நீளத்தைப் பூஜ்யமாக்கி, லேபிளை மட்டும் எழுதுங்கள். மாத எல்லையில் கோடு, மாத நடுவில் பெயர். பஞ்சாங்கக் கட்டம்போல் ஒரு மாதம் ஓர் அறையாகத் தெரியும். பெரியது, சிறியது இரண்டும் இப்படிச் செலவாகிவிடுவதால் ஜூன் 12-ஐ அச்சில் திணிக்க வேண்டாம். 16-ம் தேதியில் உள்ள பெயருக்கும் அதற்கும் நான்கு நாள்தான் இடைவெளி, லேபிள்கள் முட்டிக்கொள்ளும். அதைப் படத்தின் உள்ளேயே ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாக வரைந்து, உச்சியில் ‘ஜூன் 12’ என்று எழுதுவதே தெளிவு.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. தானியங்கி லொக்கேட்டரை எழுதியவர்கள் சாமானியர்கள் அல்ல. நொடி முதல் நூற்றாண்டு வரை எந்த நீளத்துக்கும் அது தாங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மாதம் நாளாகிறது, நாள் மணியாகிறது. நாம் கையால் வைத்த மாதக் கோடு அப்படி இளகாது; ஒரு வாரத்தை மட்டும் பெரிதாக்கினால் ஒரு கோடுகூட இல்லாமல் அச்சு மொட்டையாக நிற்கும். உண்மை. தரவை முதன்முதலில் புரட்டிப் பார்க்கும்போது, எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில், தானியங்கியை விட்டுவிடுவதுதான் சரி. ஆனால் அச்சுக்கோ அறிக்கைக்கோ போகும் படத்தை யாரும் பெரிதாக்கிப் பார்க்கப் போவதில்லை. அதை வரையும் நேரத்தில் தரவு எதைப் பற்றியது என்று நமக்குத் தெரியும், லொக்கேட்டருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதற்கு வசதி ஒரு காரணமாகாது. இன்னொரு மறுப்பு, கையால் வைத்த தேதி அடுத்த ஆண்டு உடைந்துவிடும் என்பது. பட்டியலாக வைத்தால் உடையும்: 2024-06-01, 2024-09-01 என்று ஒவ்வொன்றாக எழுதினால் அடுத்த ஜூனில் நிரலைத் திருத்த வேண்டும். விதியாக வைத்தால் உடையாது. ‘ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1’ என்பதை இயர்லொக்கேட்டரில் மந்த் 6, டே 1 என்று இரண்டே எண்களில் சொல்லிவிடலாம். தரவு பத்து ஆண்டு வளர்ந்தாலும் அது அங்கேயே நிற்கும். நிதியாண்டுத் தரவுக்கு அதே விதியில் 6-க்குப் பதில் 4.

பெயருக்கு வருவோம். பன்னிரண்டு லேபிளிலும் 2024, 2024 என்று எழுதினால் இடம் போதாது. போதாததால் ஆட்டோஎஃப்எம்டி_எக்ஸ்டேட்டைக் கூப்பிட்டு 30 பாகை சாய்ப்பார்கள். சாய்த்தால் எல்லாம் அடங்குகிறதே, என்ன குறை என்று கேட்கலாம். வாசகர் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது என்பது குறை. அதைவிடப் பெரிய குறை, சாய்வு வேறொரு பிழையை மூடி மறைக்கிறது. ஒரே ஆண்டைப் பன்னிரண்டு முறை சொல்வதுதான் அந்தப் பிழை. ஆண்டு மாறும் இடத்தில் மட்டும் ஆண்டைச் சொன்னால் போதும்: முதல் மாதத்தின் கீழே 2024, ஜனவரியின் கீழே 2025, மற்றவற்றில் மாதம் மட்டும். 2019-ல் வெளியான மேட்பிளாட்லிப் 3.1 பதிப்பிலிருந்து இதே எண்ணத்தில் கன்சைஸ்டேட்ஃபார்மேட்டர் இருக்கிறது. மற்ற லேபிள்களிலிருந்து ஆண்டை எடுத்துவிட்டு, ஜனவரியின் இடத்தில் மட்டும் ஆண்டை எழுதும்; அச்சில் ஜனவரி இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரே முறை எழுதும். நாமே எழுதுவதென்றால் ஃபங்க்ஃபார்மேட்டர். எண்ணைத் தேதியாக்கி, மாதம் 1 அல்லது 6 என்றால் அடுத்த வரியில் ஆண்டைச் சேர்க்கும் நான்கு வரி நிரல். எழுதி முடித்ததும் சாய்ப்பு தேவையே படாது.

அந்த நான்கு வரியில் மாதப் பெயரைத் தமிழில் எழுத விரும்புபவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். இயங்குதளத்தின் மொழி அமைப்பை மாற்றித் தமிழ்ப் பெயர் வரவழைக்கலாம். ஆனால் அந்த மொழிக்கோப்பு இல்லாத கணினியில் நிரல் விழுந்துவிடும். பன்னிரண்டு பெயர்களை நாமே ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வதே நம்பகம். சுருக்கவும் நாமேதான் சுருக்க வேண்டும். ஆங்கிலத்தில் செய்வதுபோல் முதல் மூன்று எழுத்தை வெட்டினால், பைதான் வெட்டுவது நம் எழுத்தை அல்ல, குறியீட்டு எண்ணை. ஜூன் ‘ஜூன’ ஆகும், ஜூலை ‘ஜூல’, மார்ச் ‘மார’, நவம்பர் ‘நவம’. ஏப்ரலும் அக்டோபரும் டிசம்பரும் தற்செயலாகத் தப்பித்து ‘ஏப்’, ‘அக்’, ‘டிச’ என்று சரியாக வரும்; அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது. எழுத்துருவும் தடைதான். மேட்பிளாட்லிப்போடு வரும் டேஜாவு சான்ஸில் தமிழ் இல்லை, கட்டங்கள்தான் வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும், மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் குறியீடுகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன; எகரம், ஏகாரம், ஐகாரக் குறிகளை மெய்க்கு முன்னால் கொண்டுபோவதில்லை. மேயும் ஜூலையும் செப்டம்பரும் உடைந்து நிற்கும். இதற்கு எளிய வழி, படத்தை எஸ்விஜியாகச் சேமிக்கும்போது எஸ்விஜி.ஃபான்ட்டைப் அமைப்பை ‘நன்’ என்று வைப்பது. எழுத்து எழுத்தாகவே கோப்பில் போய்ச் சேரும். உலாவி அதைச் சரியாகக் கோத்துக் காட்டும். அதுவும் இயலாதபோது 6, 7, 8 என்று மாத எண்ணைப் போடலாம். உடைந்த தமிழை அச்சிடுவதைவிட எண் மரியாதையானது.

நேர மண்டலம் பற்றி ஒரு சொல். நாமாக உருவாக்கும் லொக்கேட்டரும் ஃபார்மேட்டரும் வேறெதுவும் சொல்லாவிட்டால் யுடிசி நேரத்தில் எண்ணும். இந்திய நேரம் குறித்த தரவில் ஜூன் 12 நள்ளிரவு அங்கே ஜூன் 11 மாலை 6:30. தினசரித் தரவென்றால் நேர மண்டலத்தைக் கழற்றிவிட்டு வெறும் தேதியாக வையுங்கள். மணிவாரித் தரவென்றால் இரண்டுக்குமே ஆசியா/கொல்கத்தா என்று கொடுங்கள்.

ஓர் ஆண்டோடு யாரும் நிற்பதில்லை. பல ஆண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடத்தான் தேதி அச்சின் உண்மையான தேவை. மேட்டூர் 2018-ல் ஜூலை 19-ம் தேதியும், 2019-ல் ஆகஸ்ட் 13-ம் தேதியும், 2020, 2021, 2023, 2025 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஜூன் 12-ம் தேதியும், 2024-ல் ஜூலை 28-ம் தேதியும் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. 2022-ல் மே 24. இந்த எட்டு ஆண்டுகளையும் ஜூன் முதல் மே வரை ஓடும் ஒரே அச்சில் அடுக்கினால் ஏழு திறப்புகள் இடப்பக்கம் விழும். 2022-ம் ஆண்டுத் திறப்பு மட்டும் வலது கோடியில், முந்தைய பருவத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பது நாள் முன்னதாகத் திறந்தது, படத்தில் ஏறக்குறைய ஓராண்டு தள்ளித் திறந்ததுபோல் தெரியும். ஜூன் 1-ல் தொடங்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடிய விதியே இங்கே தவறுகிறது. விதியைக் கைவிட வேண்டியதில்லை. ஆண்டை வெட்டும் இடத்தைத் தரவே காட்ட வேண்டும் என்ற அதன் காரணத்தை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். வெட்டு எப்போதும் அசைவில்லாத காலத்தில் விழ வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் தன் நீராண்டை அக்டோபர் 1-ல் தொடங்குவதுபோல, ஒவ்வோர் ஆற்றுக்கும் அதன் நாட்காட்டி உண்டு. மேட்டூருக்கு ஜனவரி 28-ல் மதகு மூடியபின் வரும் மாதங்களே அமைதியானவை. மே 1-ல் வெட்டினால் 2022-ம் ஆண்டு மே 24 தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

அடுக்குவதற்கு எல்லா ஆண்டுகளின் தேதிகளையும் ஒரு பொய் ஆண்டுக்கு மாற்ற வேண்டும்: மே முதல் டிசம்பர் வரை 1999, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 2000. ஏன் 2000 என்றால் அது லீப் ஆண்டு. 2020-லும் 2024-லும் பிப்ரவரி 29 இருக்கிறது. பொய் ஆண்டாக 2001-ஐ எடுத்தால் அந்த நாளில் பைதான் அப்படி ஒரு தேதியே இல்லை என்று நின்றுவிடும். மே 1-லிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணி வரைவதும் ஒரு வழி. ஆனால் லீப் ஆண்டில் பிப்ரவரி 29-க்குப் பிறகு எல்லா நாளும் ஒன்று தள்ளிப் போகும், அச்சில் மாதப் பெயரும் வராது. பொய் ஆண்டே மேல், ஒரு நிபந்தனையோடு: அந்த ஆண்டு எங்கும் எழுத்தாக வெளிவரக் கூடாது. கன்சைஸ்டேட்ஃபார்மேட்டரை இங்கே பயன்படுத்தினால் ஜனவரியின் இடத்தில் 2000 என்று எழுதிவிடும். மாதம் மட்டும் எழுதும் ஃபார்மேட்டரைக் கொடுங்கள். உண்மையான ஆண்டை ஒவ்வொரு கோட்டின் முனையிலும் எழுதுங்கள். திரையில் காட்டும் படமென்றால், சுட்டியை நகர்த்தும்போது கீழ் மூலையில் தெரியும் தேதியிலும் அதே பொய் ஆண்டு எட்டிப் பார்க்கும். எஃப்எம்டி_எக்ஸ்டேட்டா என்ற பண்பில் நாளும் மாதமும் மட்டும் காட்டும் செயற்கூறை வைத்து அதையும் அடைத்துவிடுங்கள்.